கொடைவழிப் பிள்ளைப்பேறு

இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம், வீட்டிலே பெரியோரும் சிறியோரும் ஒருங்கிருந்து வானொலி கேட்கும் வேளையிற் சிறிது கூச்சத்தை உண்டாக்கக்கூடியது. ஆயினும், கூச்சத்தினாற் பேசாது விடப்பட்டமையாலேயே இவ்விடயத்திற் பல குடும்பங்கள் வேண்டாத துன்பத்தை அடைந்தன. ஆதலின், தக்க சொற்களைக் கொண்டு வெளிப்படையாகவே பேசுவதென்று துணிந்துள்ளேன். கணவனிடத்திற் கருவை உண்டாக்கவல்ல உயிரணு இல்லாதபோது, வேறோர் ஆடவன் கொடையாக அளித்த விந்தைக் கொண்டு மனைவி கருவுறும்படி வைத்தியர் செய்யும் உதவியைப் பற்றியதே எனது பேச்சு. இவ்வுதவியினாற் பிறக்கும் பிள்ளைக்குத் தன் பிறப்பின் உண்மையை அறியும் உரிமை உண்டா, உண்டாயின் அதனை யார், எப்பொழுது சொல்வது என்பதே இதில் எனக்கு முதன்மையாகத் தோன்றும் கேள்வி.

பிள்ளையில்லாக் குறை அருமையான குறையன்று. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்தோருள் ஏறத்தாழ 6 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் எப்பொழுதாவது இவ்விடருக்கு உள்ளாகின்றனர். குறை பெண்ணிடத்தில் இருத்தல் போலவே ஆணிடத்திலும் இருத்தல் கூடும். ஆண்களுள் 100 பேருக்கு ஒருவர் என்னும் அளவில், விந்தில் உயிரணு ஒன்றேனும் காணப்படாத நிலை உண்டு. அத்தகையவர் நல்ல உடற்கட்டும் இல்லற வாழ்வுக்குரிய ஆற்றலும் உடையவராகவே இருப்பர். உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தாலன்றி இக்குறை தெரியவராது. இதனை நம்மவர் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. 'மலடி' என்ற கொடுஞ்சொல் நம்மிடையே அடிபடும் அளவுக்கு 'மலடன்' என்ற சொல் அடிபடுவதுண்டா? அரசமரத்தைச் சுற்றியவளும், விரதம் பிடித்தவளும், கோயில் மரத்திலே தொட்டில் கட்டியவளும், ஈற்றில் ஊராரின் வாய்க்கு இரையானவளும் பெண்ணே. இந்நினைப்பு நமக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் இச்சிகிச்சை நடைபெறும் முறையைச் சுருங்கச் சொல்கின்றேன். கொடையாளியின் உடல்நலம், குடும்பத்திற் பரம்பரையாக வரும் நோய்கள் ஆகியன ஆராயப்படும். எயிட்ஸ் நோய்க்கிருமி, ஈரலழற்சிக் கிருமிகள், மேகநோய் முதலியன அவரிடத்தில் இல்லையென்பது குருதிச் சோதனையால் உறுதிசெய்யப்படும். பெறப்பட்ட விந்து திரவ நைதரசனில், உறைநிலைக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் வைக்கப்படும். சில மாதங்கள் கழித்துக் கொடையாளியை மீண்டும் சோதித்து, குற்றமில்லையெனக் கண்ட பின்னரே அதனை வெளியே எடுப்பது வழக்கமாயிற்று. மனைவியின் முட்டை வெளிப்படும் நாளையொட்டி, மெல்லிய குழாயொன்றின் மூலம் அது கருப்பையினுள் விடப்படும். வேதனை மிகுந்த சிகிச்சையன்று. சில நிமிடங்களுள் முடிந்துவிடும். ஆனால் முதன்முறையிலேயே கரு தங்கும் என்பதற்கு உறுதி கிடையாது. பல மாதங்கள் முயல வேண்டியிருக்கும். சிலருக்கு முட்டையை வெளியே எடுத்துக் கண்ணாடிக் கலத்திற் கருக்கட்டச் செய்யவும் வேண்டியிருக்கும்.

விந்தை உறையவைத்து உயிர் கெடாது காக்கலாம் என்பது 1949இல் இங்கிலாந்திலே கிறிஸ்தோபர் போல்ச் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் கிளிசரின் கொண்டு சேவலின் விந்திற் செய்த ஆராய்ச்சியாற் புலனாயிற்று. 1953இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பஞ்சு, சேர்மன் என்னும் இருவர், உறையவைத்த மனித விந்தினாற் கருவுண்டாதலைக் காட்டினர். 1985இல் அவுஸ்திரேலியாவில், ஒரே கொடையாளியின் விந்தைப் பெற்ற பெண்களுள் நால்வருக்கு எயிட்ஸ் கிருமி தொற்றியமை வெளிப்பட்டது. அதன் பின்னரே, விந்தை உறையவைத்து, கொடையாளியை இருமுறை சோதிக்கும் ஒழுங்கு எங்கும் வலுப்பெற்றது. இன்னுமொன்றையும் கூறவேண்டும். உயிரணு ஒன்றை மட்டும் எடுத்து முட்டையினுள் நேரே செலுத்தும் முறை 1992இற் பெல்ஜியத்திலிருந்து அறிவிக்கப்பட்டபின், முன்னர்ப் பிறர் கொடையை நாடியிருக்கக்கூடிய கணவர் பலர் தம் சொந்தப் பிள்ளையையே பெறுகின்றனர். ஆகவே, கொடைவிந்தை நாடுமுன் அவ்வழியும் ஆராயப்படல் வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். வைத்தியர் ஒருவர் பிறனொருவனின் விந்தைக் கொண்டு ஒரு பெண்ணைக் கருவுறச் செய்ததாக நாம் அறியும் முதற் செய்தி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1884இல் நிகழ்ந்தது. செல்வந்தரான வணிகர் ஒருவரும் அவரினும் பத்து வயது இளையவளான அவர் மனைவியும் பிள்ளையில்லாமையால் வில்லியம் பான்கோஸ்ட் என்னும் பேராசிரியரை நாடினர். வழக்கம்போல மனைவியிடத்திலேயே குறை இருக்கும் என்று எண்ணி, அவரை நுணுகி நுணுகிச் சோதித்தனர். அவரிடத்தில் யாதொரு குறையுங் காணாமற் போகவே, பின்னர்தான் கணவரைச் சோதிக்கும் எண்ணம் உண்டாயிற்று. வாலிபத்தில் உற்ற நோயொன்றின் விளைவாக அவரிடத்தில் உயிரணு இல்லையென்பது தெரியவந்தது. சிகிச்சை பயனளிக்கவில்லை.

அப்பொழுது நிகழ்ந்ததே நம் கருத்துக்குரியது. இன்னுமொரு சோதனை என்று கூறி, அப்பெண்ணை மீண்டும் அழைத்து, குளோரோபோம் கொடுத்து நினைவிழக்கச் செய்து, மாணவர் அறுவர் சூழ நிற்க, அவர்களுள் அழகு மிக்கவன் எனக் கருதப்பட்ட ஒருவனின் விந்தை இறப்பர்ப் பீச்சுக்குழல் கொண்டு பேராசிரியர் அவள் கருப்பையிற் செலுத்தினார். அவளைக் கேட்டாரில்லை; கணவரையும் கேட்டாரில்லை. கரு உண்டானதை அறிந்தபின் பேராசிரியர் மனம் பொறாது கணவரிடம் உண்மையைச் சொன்னார். கணவர் சினக்கவில்லை, மகிழ்ந்தார். ஆனால் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: தம் மனைவிக்கு இதனை ஒருகாலும் சொல்லலாகாது என்பது அது. ஆண்மகவு ஒன்று பிறந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1909இல், அன்று மாணவராயிருந்த அடிசன் டேவிஸ் ஹார்ட் என்பவர் 'மெடிக்கல் வேர்ல்ட்' என்னும் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதி இச்செய்தியை வெளியிட்டார். நியூயோர்க்கில் வாழ்ந்த அவ்விளைஞரைத் தாம் தேடிச் சென்று கைகுலுக்கியதாகவும் அதில் எழுதினார். விந்தளித்த மாணவர் அவரே என்று கருதுவோரும் உளர்.

இந்நிகழ்ச்சியிலே ஒரு பெண்ணின் உடல்மீது அவளறியாது செய்யப்பட்ட கொடுமையை எவரும் காணலாம். அதனோடு வேறொன்றையும் காண்கின்றேன். பிள்ளையின் பிறப்பைப் பற்றிய உண்மை பேராசிரியருக்குத் தெரியும், ஆறு மாணவருக்குத் தெரியும், கணவருக்குத் தெரியும், ஈற்றில் அவ்விதழை வாசித்த ஊர்பேர் தெரியாத வைத்தியர் அனைவருக்கும் தெரிந்தது. சுமந்து பெற்ற தாய்க்கு மட்டும் அது மறைக்கப்பட்டது. இச்சிகிச்சையோடு கூடவே பிறந்தது இந்த மறைப்பு. பிற்காலத்திலே தாயின் சம்மதம் கேட்கப்பட்டது. கணவரின் சம்மதமும் கேட்கப்பட்டது. மறைக்கப்பட்டோர் வரிசையில் எஞ்சி நின்றவர் பிள்ளை மட்டுமே.

அம்மறைப்பை நிலைநாட்ட வைத்தியர்கள் கையாண்ட முறைகள் வியப்புக்குரியன. கணவரின் விந்தையும் கொடையாளியின் விந்தையும் கலந்து செலுத்துவர். அன்றிரவு கணவனும் மனைவியும் கூடுமாறு அறிவுரை கூறுவர். பிள்ளை ஒருவேளை கணவருடையதாகவும் இருக்கலாம் என்ற ஐயத்தை இருவர் மனத்திலும் வளர்ப்பதே இவற்றின் நோக்கம். பிறப்பைப் பார்க்கும் வைத்தியருக்கும் இதைச் சொல்லவேண்டாம் என்பர். கொடையாளிகள் பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள். அவர்களுக்குச் சிறு தொகை கொடுத்து, பெயரைப் பதியாது அனுப்புவர். பதிந்தாலும் பின்னர் ஏட்டைக் கொளுத்துவர். இவையெல்லாம் பிள்ளையின் நன்மைக்கே என்று மனமார நம்பினோர் பலர். சட்டம் கொடியதாயிருந்த காலத்தில் அந்நம்பிக்கைக்கு ஓரளவு காரணமும் இருந்தது. 1954இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து நீதிமன்றமொன்று, கணவர் சம்மதித்தாலும் கொடைவிந்தாற் கருவுறுதல் பிறன்மனைக் குற்றமே என்றும், பிள்ளை முறைகேடாகப் பிறந்ததே என்றும் தீர்த்தது. கலிபோர்ணியாவிலோ 1968இல், சம்மதித்த கணவரே சட்டப்படி தந்தை என்று தீர்ப்பாயிற்று. இத்தகைய தடுமாற்றத்தின் நடுவே, வாயைத் திறவாதிருத்தலே பாதுகாப்பு என்று பெற்றோர் எண்ணியமை இயல்பே.

இங்கிலாந்தில் மேரி பாட்டன் என்னும் பெண் வைத்தியரும், அவர் கணவரான பேர்ட்டோல்ட் வீஸ்னர் என்னும் உயிரியல் அறிஞரும், கெனத் வோக்கர் என்பவரும் 1945இற் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இச்சிகிச்சையைப் பற்றி எழுதியபோது பெருங் கிளர்ச்சி எழுந்தது. 1948இற் கன்ரபெரிப் பேராயர் அமைத்த ஆணைக்குழு இதனைக் குற்றமாக்க வேண்டும் என்றது. 1960இல் பெவர்ஷம் பிரபுவின் குழு குற்றமாக்க வேண்டியதில்லை, ஆனால் ஊக்குவிக்கலாகாது என்றது. இவ்வளவு வாதத்தின் நடுவேயும் பாட்டன் அம்மையாரின் நிலையம் தன் பணியை அமைதியாக நடத்தியே வந்தது. கொடையளிப்போர் தேர்ந்தெடுத்த சிலர் என்று நம்பப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து, 1943க்கும் 1962க்கும் இடையில் அங்கு உருவான 18 பேரின் மரபணுக்களைச் சோதித்தபோது, அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் வீஸ்னர் என்னும் ஒருவருடைய பிள்ளைகளே எனத் தெரிந்தது. அவருக்குப் பிள்ளைகள் பல நூற்றுவர் எனக் கணிப்போர் உளர். ஏடுகள் அழிக்கப்பட்டமையாற் சரியான தொகையை இனி எவரும் கூறவியலாது. அந்நகரிலே தம்மை அறியாத உடன்பிறப்புகள் ஒருவரையொருவர் மணந்திருக்கக்கூடுமோ என்ற கேள்விக்கும் விடையில்லை.

இந்நிலையை முதன்முதலில் மாற்றிய நாடு சுவீடன். அம்மாற்றத்துக்கு வித்திட்ட வழக்கு கேட்கத்தக்கது. வடகோடியிலுள்ள ஹப்பரண்டா என்னும் ஊரில் ஒருவர் மனமொப்பித் தம் மனைவிக்கு இச்சிகிச்சையைச் செய்வித்தார். பின்னர் மணமுறிவு ஏற்பட்டது. பிள்ளையின் தந்தை தாமல்லர் என்று அவர் வழக்கிட்டார். 1983இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம், சட்டத்தில் இதற்கு இடமில்லாமையால், அவர் கூற்றை ஏற்றுக்கொண்டது. ஆக, அப்பிள்ளைக்குக் கொடையாளியும் தந்தையல்லர், வளர்த்தவரும் தந்தையல்லர்! ஒரு கையொப்பத்தாற் பிறந்த பிள்ளை ஒரு தீர்ப்பினால் தந்தையற்றதாயிற்று. மக்கள் மனம் இதனை ஏற்கவில்லை. 1984இல் இயற்றப்பட்டு 1985 மார்ச் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் இரண்டு காரியங்களை ஒருங்கே செய்தது. சம்மதித்த கணவரே சட்டப்படி தந்தை. அவர் பின்னர் அதிலிருந்து நழுவ முடியாது. பிள்ளை பக்குவ வயதை அடைந்தபின் கொடையாளி யார் என்று கேட்டால், வைத்தியசாலை சொல்லியே தீரவேண்டும். அதற்குரிய ஏட்டை 70 ஆண்டுகளேனும் காத்துவைக்க வேண்டும்.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று முதலிற் கேட்போருக்குத் தோன்றும். கொடையாளியின் பெயரை வெளியிட்டால் வளர்த்தவரின் தந்தைமை குறையாதோ என்பர். குறையாது என்பதே என் கருத்து. தந்தைமை என்பது கடமையினாலும் வளர்ப்பினாலும் ஏற்றுக்கொண்ட சம்மதத்தினாலும் அமைவது என்று சட்டம் உறுதியாகச் சொல்லிவிட்டபின், உடலின் தோற்றுவாயைப் பற்றிய செய்தியை மறைக்க வேண்டிய தேவை ஒழிந்துபோகின்றது. கொடையாளிக்குப் பிள்ளையின் மீது உரிமையுமில்லை. அவர் சொத்திலே பிள்ளைக்குப் பங்குமில்லை. அவர் ஒரு மனிதர், அவருக்கொரு பெயர் உண்டு, அவ்வளவே.

இங்கிலாந்து இவ்வழிக்கு வரச் சிறிது காலம் பிடித்தது. அங்கே 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன், கொடைவிந்தாற் பிறந்த பிள்ளையைத் தம் பிள்ளையென்று பிறப்புப் பதிவேட்டில் எழுதுவித்த கணவர் பொய்யுரைத்தவராகவே கருதப்படக்கூடும் என்பதை நோக்குக. வார்னொக் அம்மையாரின் குழு 1984இல் அளித்த அறிக்கை கொடையாளியின் பெயரை மறைக்கவே விரும்பியது. 1991 ஆகஸ்ட் 1 முதல் அரசின் மத்திய பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. பெயர் மட்டும் பூட்டியே வைக்கப்பட்டது. 2005 ஏப்பிரில் 1க்குப் பின் கொடையளிக்க முன்வந்தோர், பிள்ளைக்கு 18 வயதானதும் தம் பெயர் வெளியாகலாம் என்பதற்கு இசைந்தே கொடுத்தனர். அவ்வாறு உருவான பிள்ளைகளுள் முதல்வர் 2023இன் இறுதியில் 18 வயதை எய்தினர். கேட்போருக்குக் கொடையாளியின் பெயர், பிறந்த திகதி, கடைசியாக அறியப்பட்ட முகவரி ஆகியன அறிவிக்கப்படுகின்றன. நெதர்லாந்து 2004இலும், பிரான்சு 2022 செப்டெம்பரிலும் மறைபெயர்க் கொடையைக் கைவிட்டன. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமோ 2017இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, பெயர் மறைக்கப்படும் என்ற வாக்குறுதியின்மேல் முன்னாளிற் கொடுத்தோரின் பெயரையும் திறந்துவிட்டது. கொடுத்த வாக்கை அரசே மீறுதல் தகுமா என்று அங்கே வாதம் நிகழ்ந்தது. வாக்குக் கொடுத்தவரும் வாங்கியவரும் பெரியோர். பிள்ளை அதில் ஒப்பமிடவில்லை என்பதே சட்டத்தை ஆதரித்தோரின் விடை. இருபுறமும் நியாயம் உண்டு. எனினும் என் மனம் பிள்ளையின் பக்கமே சாய்கின்றது.

இனி, மறைத்துவைத்தல் இயலுமா என்பதையும் நோக்க வேண்டும். பாடசாலையிலே தலைமுறையுரிமையைப் பற்றிய பாடத்தில் நாம் குருதிக் கூட்டங்களைக் கற்பிக்கின்றோம். தாயும் தந்தையும் ஓ வகையினராயின் பிள்ளை பி வகையினராதல் இல்லை என்று விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். அன்று மாலை வீட்டுக்குச் சென்று தாயின் குருதி அட்டையையும் தந்தையின் குருதி அட்டையையும் எடுத்துப் பார்க்காத கெட்டிக்கார மாணவன் எவன்? இரத்ததான முகாமொன்று போதும், மறைத்த செய்தி வெளியே வர. இதற்கும் மேலாக, இந்நாளில் உமிழ்நீரைச் சிறு குழாயொன்றில் இட்டு அஞ்சலில் அனுப்பினால், தன் மரபணுவோடு ஒத்த மரபணு உடையோர் யாவர் என்று காட்டும் நிறுவனங்கள் பிறநாடுகளிற் பெருகியுள்ளன. கொடையாளி தாமே சோதித்திருக்க வேண்டியதில்லை. அவருடைய மைத்துனர் முறையான ஒருவரோ பெரியதந்தையின் பேத்தியோ சோதித்திருந்தாலும் போதும். அந்நூலைப் பற்றி ஆளைக் கண்டுபிடித்துவிடுகின்றனர். நம்மவர் வீடுகளிலிருந்து பிள்ளைகள் இலண்டனுக்கும் தொரன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் சூரிச்சுக்கும் சென்று வாழும் இக்காலத்தில், இது எங்கோ நடக்கும் கதையன்று.

மறைப்பின் பின்னே வேறு தீமைகளும் ஒளிந்திருக்கும். நெதர்லாந்திலே ஒருவர் பல நிலையங்களிலும் தனிப்பட்ட முறையிலும் விந்தளித்து, பல நாடுகளில் 550 பிள்ளைகள் அளவுக்குத் தந்தையாகிவிட்டார். 2023 ஏப்பிரிலில் ஹேக் நகர நீதிமன்றம் அவரை மேலும் கொடுக்கலாகாது என்று தடுத்தது. 2025இல் மருத்துவ மாநாடொன்றில் வெளியிடப்பட்ட செய்தி இன்னும் துயரமானது. தம்மிடத்திற் புற்றுநோயை விளைக்கும் மரபணுக் குறையொன்று இருப்பதை அறியாத கொடையாளி ஒருவரின் விந்தினால் ஐரோப்பாவின் 8 நாடுகளில் 67 பிள்ளைகள் பிறந்திருந்தனர். அவர்களுள் 10 பேருக்கு அந்நேரத்திலேயே புற்றுநோய் கண்டிருந்தது. தாம் கொடைவழிப் பிறந்தவர் என்பதையே அறியாத ஒருவர், இத்தகைய எச்சரிக்கை வரும்போது அதனைத் தமக்குரியதென எங்ஙனம் அறிவார்? வைத்தியர் 'உமது தகப்பனார் குடும்பத்தில் இந்நோய் உண்டா?' என்று கேட்குந்தோறும் அவர் பொய்யான விடையை உண்மையென நம்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆயின், எப்பொழுது சொல்வது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே சூசன் கோலம்பொக் என்னும் அம்மையார், கொடைவழியாகவும் வாடகைத்தாய் வழியாகவும் பிறந்த பிள்ளைகளைக் குழந்தைப் பருவந்தொட்டு 20 வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டார். அப்பிள்ளைகளின் மனநலமும் குடும்ப உறவும் ஏனைய பிள்ளைகளினுடையவற்றுக்குத் தாழ்ந்தனவாகக் காணப்படவில்லை. 7 வயதுக்கு முன்னரே உண்மையைக் கேட்டு வளர்ந்தோர், பின்னர்க் கேட்டோரினும் தாயோடு இணக்கமுடையோராய் இருந்தனர். இது ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு வியப்பன்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இச்செய்தி ஒரு கதை. 'எங்களுக்குப் பிள்ளை வேண்டுமென்று ஆசை, அப்பாவிடம் அதற்கு வேண்டிய விதை இருக்கவில்லை, ஒரு நல்ல மாமா தந்தார், வைத்தியர் உதவினார், நீ வந்தாய்' என்று சொன்னால், 'அந்த மாமாவிடம் சைக்கிள் உண்டா?' என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விடும். அதே செய்தி 25 வயதில், தந்தையின் மரணச் சடங்கின் பின்னோ சொத்துத் தகராற்றின் நடுவிலோ, சிற்றப்பன் வாயிலிருந்து வருமாயின் அதனைத் தாங்குதல் அரிது. அந்நிலையில் உற்றோர் பலர், கொடையாளியைக் குறித்தன்று, இத்தனை காலம் தம்மிடம் பொய் கூறியோரைக் குறித்தே வெகுண்டனர்.

பாரதக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வேறுபாடு விளங்காததன்று. விசித்திரவீரியன் பிள்ளையின்றி இறந்தபின் வியாசரால் அம்பிகையும் அம்பாலிகையும் பெற்ற மைந்தர் திருதராட்டிரனும் பாண்டுவும். அது சத்தியவதியின் ஏற்பாடு. வீட்டில் எல்லோரும் அறிவர். அவர்கள் குருகுலத்தவர் அல்லர் என்று அரியணைப் போட்டியின் நடுவிலும் எவரும் வாதிடவில்லை. கர்ணனுக்கோ பிறப்பு மறைக்கப்பட்டது. அவனுக்கு உண்மை சொல்லப்பட்டது போர் மூளும் தறுவாயில். சொன்னவர் இருவருக்கும் தத்தம் காரியம் ஒன்று இருந்தது. கூத்து மேடையிலே விடியும்வரை கண்ணீர் விட்டுக் கேட்கும் நம் ஊரார், கண்ணீர் எதற்கு என்பதைச் சற்று ஆராய்தல் நன்று.

சொல்வது என்றால் ஊரறியப் பறைசாற்றுவது என்பது கருத்தன்று. இங்கேதான் நம்மவர் மயங்குகின்றனர். பிள்ளைக்குச் சொல்லவேண்டும் என்றதும், மாமியாருக்குத் தெரிந்துவிடுமே, முதுசக் காணியைப் பற்றிச் சகோதரர் வழக்குப் பேசுவரே, நாளை பெண் கேட்டுப் போனால் என்ன சொல்வரோ என்று அஞ்சுகின்றனர். அயலாருக்குச் சொல்லாதிருத்தல் குடும்பத்தின் அடக்கம். பிள்ளைக்குச் சொல்லாதிருத்தல் பிள்ளைக்குரியதை வைத்துக்கொள்ளுதல். இரண்டும் வேறு. யாருக்குச் சொல்வது என்பதைப் பிள்ளை வளர்ந்தபின் தானே தீர்மானிக்கட்டும். ஆயினும் உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் வழக்கத்தை எண்ணுமிடத்து, தம் இனத்தவரின் விந்தே வேண்டும் என்று கேட்கும் பெற்றோர், அதே கொடையாளியின் பிள்ளைகள் வேறெத்தனை வீடுகளில் வளர்கின்றனர் என்பதையும் கேட்டறியக் கடமைப்பட்டவர்.

இதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். இங்கிலாந்தில் ஒரு கொடையாளியால் 10 குடும்பங்களுக்கு மேற் பிள்ளைகள் உருவாக இடமில்லை. நம்மவர் பலர் குடியேறியுள்ள சுவிற்சர்லாந்தில், 2001 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி ஒருவரின் விந்தினால் 8 பிள்ளைகளுக்கு மேல் உருவாக்கலாகாது. ஏடு 80 ஆண்டுகள் காக்கப்படும். 18 வயதில் பிள்ளை பெயரைக் கேட்டறியலாம். ஜேர்மனி 2018இல் தொடங்கிய பதிவேட்டில் 110 ஆண்டுகளுக்குச் செய்தி இருக்கும். சிகிச்சைக்காக இங்கிருந்து சிலர் செல்லும் இந்தியாவிலே, 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவரின் கொடையை ஒரு தம்பதியருக்கு மேல் வழங்கலாகாது என்று விதித்துள்ளது. பிள்ளை அத்தம்பதியரின் சொந்தப் பிள்ளையாகவே கொள்ளப்படும் என்றும் கூறுகின்றது. ஆனால் கொடையாளியின் பெயரை அறியும் உரிமையை அச்சட்டம் பிள்ளைக்கு வழங்கவில்லை.

ஆகவே, இச்சிகிச்சையை நாடும் கணவனும் மனைவியும் எந்நாட்டு வைத்தியசாலையின் வாயிலை மிதித்தாலும், கட்டணத்தைக் கேட்குமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. கொடையாளியைப் பற்றிய ஏடு யாரிடத்தில், எத்தனை ஆண்டுகள் இருக்கும்? நிலையம் மூடப்பட்டால் அவ்வேடு எங்கே போகும்? பின்னாளில் அவருக்குப் பரம்பரை நோய் உண்டென்று தெரிந்தால் எங்களுக்கு அறிவிப்பீர்களா? எத்தனை குடும்பங்களுக்கு அவர் விந்து வழங்கப்படும்? பிள்ளை வளர்ந்து வந்து கேட்டால் எதைச் சொல்வீர்கள், எதைச் சொல்லமாட்டீர்கள்? இவற்றுக்கு எழுத்தில் விடை பெற்று, இருவரும் கையொப்பமிட்ட சம்மதப் பத்திரத்தின் பிரதியையும் கொடையாளியின் குறியீட்டு எண்ணையும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே உறையிற் சேர்த்து வைத்தல் வேண்டும்.